கல்லும் சொல்லும்: போர் முடிவை நினைவுகூரும் மொழி – ஆகுர்டி, கட்கி வட்டாரச் சான்றுகள்

1. முன்னுரை

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் இருப்புப்பாதையில் கட்கி, தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, தேஹு ரோடு ஆகிய நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றுள் ஆகுர்டி, பக்தி இயக்க வரலாற்றில் தனி இடம் பெற்றது. தேஹுவிலிருந்து பண்டரிபுரம் நோக்கி ஆண்டுதோறும் புறப்படும் துக்காராமின் பாதுகைப் பல்லக்கு, தன் முதல் இரவுத் தங்கலை ஆகுர்டி விட்டல் கோயிலிலேயே கொள்கிறது. ஆகுர்டிக்கு மேற்கே தேஹு ரோடு பாசறையும் படைக்கலக் கிடங்கும் உள்ளன. தென்கிழக்கே கட்கியில் பம்பாய்ப் பொறியாளர் படையின் தலைமையிடமும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் போர்க் கல்லறைத் தோட்டமும் உள்ளன. பாசறைகளையும் தொழிற்சாலைகளையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தேஹு ரோடு முதல் கட்கி வரை நிலைத்து வாழ்ந்து வருகின்றன.

ஓர் ஊரின் ஒருபுறம் பாதுகையைச் சுமந்து நடந்து நினைவுகூரும் மரபும், மறுபுறம் கல்லில் பெயர் பொறித்து நினைவுகூரும் மரபும் நிலவுவது கருதத்தக்கது. பின்னதே இங்கு ஆய்வுப் பொருளாகிறது. பெரும்போர் ஒன்றின் முடிவை நினைவுகூரும்போதும், அதில் பொருதோரைப் போற்றும்போதும் எந்தச் சொல் கையாளப்படுகிறது, எந்த மொழி கல்லில் இடம்பெறுகிறது, எவருடைய பெயர் விடுபடுகிறது என்பன மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள். புணே வட்டாரச் சான்றுகளைத் தமிழ்ச் சான்றுகளோடு ஒப்பிட்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நடுகல்லும் வீரகளும்

போரில் இறந்தோருக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கிறது. கல்லைத் தேர்ந்து காணுதல், கொணர்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என அவற்றின் பொருளைச் சுருக்கிக் கூறலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள், எழுத்துடைக் கல் மரபின் தொன்மையைப் பன்னூற்றாண்டுகள் முன்னுக்குக் கொண்டு சென்றன. அதற்கு முன்பே, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பு பல்லவர் கால நடுகல் மொழியை ஆய்வாளர் கைக்கு எளிதாக்கியிருந்தது.

அக்கல்வெட்டுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகிறது. அரசனின் ஆட்சியாண்டு, நாட்டுப் பிரிவு, ஊர், வீரன் எவருடைய சேவகன் என்பது, எச்செயலில் இறந்தான் என்பது, இறுதியில் 'பட்டான் கல்' என்பது. தொறு எனப்படும் ஆநிரையைக் கொண்டபோதோ மீட்டபோதோ பட்டவர்களுக்கே பெரும்பான்மைக் கற்கள் எடுக்கப்பட்டுள்ளன. பேரரசர்களின் பெரும்போர்களைவிட ஊர் எல்லையில் நிகழ்ந்த பூசல்களே இவ்வகைக் கற்களில் மிகுதி. நினைவுகூரும் அலகாக ஊரே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

மராட்டிய நாட்டுச் சிற்றூர்க் கோயில் வாயில்களிலும் ஊர் எல்லைகளிலும் காணப்படும் வீரக்கற்களை மராத்தியர் 'வீரகள்' என்பர். கன்னட 'வீரகல்லு' என்பதோடு இணைத்துக் காணப்படும் இச்சொல்லின் ஈற்றில் நிற்பது 'கல்' என்னும் திராவிடச் சொல்லே. தொகையில் ககரம் ஒலிப்புடையதாகி, லகரம் ளகரமாகத் திரிந்துள்ளது. கல்லைக் குறிக்க மராத்தியில் 'தகட்' முதலிய சொற்கள் வழங்கியும், வீரன் கல்லுக்கு மட்டும் தென்மொழிச் சொல்லே நிலைபெற்றது. நினைவுகூரும் வழக்கமும் அதன் பெயரும் ஒருங்கே எல்லை கடந்தன எனக் கொள்ளலாம். மராட்டிய மேய்ப்பர் வழிபாடுகளை ஆராய்ந்த குந்தர் சொந்தைமர், செ. செட்டருடன் இணைந்து 1982இல் பதிப்பித்த நினைவுக்கற்கள் பற்றிய தொகுப்பு, இத்துறையில் தென்னாட்டையும் மராட்டியத்தையும் ஒரே பரப்பாகக் காண வழிவகுத்தது.

இரு மரபுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் நடுகல் படிக்கப்படுவது. மராட்டிய வீரகள் பெரும்பாலும் பார்க்கப்படுவது. எழுத்தில்லாத வீரகளில் செய்தி கீழிருந்து மேலாக அடுக்கப்படுகிறது. அடித்தளத்தில் போரும் வீழ்ச்சியும், அதன்மேல் தேவமகளிர் வீரனை எடுத்துச் செல்லுதல், உச்சியில் அவன் இலிங்க வழிபாடு செய்தல், மேலே ஞாயிறும் திங்களும். பெயர் இன்மையால் அவன் இன்னான் என்று இன்று அறிய இயலாது. ஆயினும் கல் வழிபாட்டில் தொடர்கிறது. பெயர் இருந்தும் வழிபாடு அற்றுப்போன தமிழ்க் கற்களும், வழிபாடு இருந்தும் பெயர் அற்றுப்போன மராட்டியக் கற்களும் நினைவு என்பதன் இரு கூறுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன.

கல்லோடு கடமை முடிந்துவிடவில்லை. இறந்தவனின் குடும்பத்திற்கு நிலம் வழங்கும் வழக்கம் 'உதிரப்பட்டி', 'நெய்த்தோர்பட்டி' என்னும் கல்வெட்டுச் சொற்களால் அறியப்படுகிறது. நெய்த்தோர் என்பது குருதி. இக்கால ஆவணமொழியில் 'குடும்ப ஓய்வூதியம்' என வழங்குவதைப் பண்டைத் தமிழ் குருதியின் பெயராலேயே குறித்தது. உதவியின் காரணத்தை மறைக்காத சொல்லாக்கம் அது.

3. கோரேகாவ் தூண்: ஒரு கல், இரு வாசிப்புகள்

கட்கியில் 1817 நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வா படைக்கும் கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்கும் போர் மூண்டது. 1818 சனவரி 1ஆம் நாள் பீமா ஆற்றங்கரைக் கோரேகாவில் கேப்டன் ஸ்டான்டன் தலைமையிலான சிறுபடை பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்றது. அச்சிறுபடையில் பம்பாய்க் காலாட்படையினருடன் இரண்டு பீரங்கிகளைக் கொண்ட சென்னைப் பீரங்கிப் படைப்பிரிவும் இருந்தது. அவ்வாண்டு சூன் மாதம் இரண்டாம் பாஜிராவ் சரணடைந்ததோடு மூன்றாம் ஆங்கில-மராட்டியப் போர் முடிவை எட்டியது. கோரேகாவில் 1821இல் அடிக்கல் நாட்டப்பட்ட நினைவுத்தூண் ஆங்கிலம், மராத்தி ஆகிய இருமொழிக் கல்வெட்டுகளைக் கொண்டது.

தூணை எழுப்பியவர் நோக்கில் அது கும்பினி வெற்றியின் சின்னம். ஆனால் அதில் பொறிக்கப்பட்ட, உயிரிழந்தோர் 49 பேரின் பெயர்களுள் 22 பெயர்கள் 'நாக்' என்னும் ஈற்றைக் கொண்டவை. அவ்வீறு மகார் சமூகத்தாரின் பெயர்களுக்கு உரியது. வெற்றிச் செய்தியைக் கூறும் பகுதி ஆட்சியாளருக்காக எழுதப்பட்டது. பெயர்ப்பட்டியலோ ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் படைப்பணிக்குச் சான்றாயிற்று. 1890களில் அச்சமூகத்தாரைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டபின், இழந்த உரிமையைக் கோருவோர் இப்பெயர்களையே சுட்டினர். 1927 சனவரி 1ஆம் நாள் அம்பேத்கர் அவ்விடத்திற்கு வந்தபின் ஆண்டுதோறும் மக்கள் கூடும் நாளாக அது வளர்ந்தது. 1941இல் மகார் படைப்பிரிவு அமைக்கப்பட்டபோது அதன் சின்னத்தில் கோரேகாவ் தூண் இடம்பெற்றது.

ஒரே கல்லில் வாக்கியம் ஒரு பொருளையும் பெயர்கள் வேறொரு பொருளையும் தந்தன. பெயர்ச்சொல்லின் ஈறு ஒன்றே ஒரு நூற்றாண்டுக்குப் பின் வரலாற்று ஆவணமாக மாறியது. இத்தகைய பட்டியலை மொழிபெயர்ப்போர் பெயர்களை இக்கால வழக்கிற்கேற்பச் செப்பம் செய்வாராயின் அந்த ஆவணம் அழிந்துவிடும்.

4. 1918: 'முடிவு' என்னும் சொல்லின் எல்லை

முதல் உலகப் போரில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து பணியாற்றினர்; ஏறத்தாழ 74,000 பேர் உயிரிழந்தனர். கட்கியைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் சாப்பர் படையின் 20, 21ஆம் கம்பெனிகள் 1914 அக்டோபர் 28ஆம் நாள் பிரான்சின் நெவ் சப்பேலில் பெரும் இழப்புக்கு உள்ளாயின. தமிழ் வீரர்கள் இடம்பெற்ற சென்னை மாகாணப் படைகள் மெசபடோமியாவிலும் கிழக்காப்பிரிக்காவிலும் போரிட்டன. தமிழ்நாட்டு மக்களைப் போர் நேரடியாகத் தொட்டது 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செர்மானியக் கப்பல் சென்னையைச் சுட்டபோது. அக்கப்பலின் பெயர் துணிவும் தந்திரமும் மிக்கவனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகப் பேச்சுத் தமிழில் இன்றும் வழங்குகிறது. நாலாண்டுப் பெரும்போரில் தமிழ்ப் பேச்சு தனக்கென எடுத்துக்கொண்ட நினைவுச்சின்னம் அச்சொல் எனலாம்.

இப்போர் எந்நாளில் முடிந்தது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. 1918 நவம்பர் 11ஆம் நாள் போர்முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1919 சூன் 28ஆம் நாள் வெர்சேல்சில் செர்மனியுடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போர்க் கல்லறை ஆணையமோ 1921 ஆகஸ்டு 31 வரை இறந்தோரை அப்போரின் கணக்கில் சேர்க்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு அவ்வாணையம் கொள்ளும் கடைசி நாள் 1947 திசம்பர் 31. ஐரோப்பாவில் 1945 மே 8ஆம் நாளும், சப்பான் சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தான செப்டம்பர் 2ஆம் நாளும் முடிவெனக் கருதப்படும் அப்போர், கல்லறைக் கணக்கில் இந்திய விடுதலைக்குப் பின்னும் நான்கு மாதங்கள் நீள்கிறது. காயத்தாலும் நோயாலும் பின்னர் இறந்தோரைக் கைவிடாமல் இருப்பதற்கான வரையறை இது.

இவ்வேறுபாடுகளைத் தமிழில் பெயர்ப்பது எளிதன்று. களத்தில் ஒரு பொழுதுக்குச் சுடுதலை நிறுத்துவது, இரு தரப்பாரும் ஒப்பந்தத்தால் போர்ச்செயலை நிறுத்துவது, உடன்படிக்கையால் போர்நிலையே நீங்குவது ஆகிய மூன்றும் வேறானவை. இதழியல் தமிழில் முதலிரண்டுக்கும் 'போர்நிறுத்தம்' என்பதே வழங்குகிறது. 1918 நவம்பர் 11ஆம் நாளைப் 'போர்நிறுத்த நாள்' என்று பெயர்த்தால், மறுநாள் மீண்டும் தொடங்கக்கூடிய இடைவேளை என்றும் படிப்போர் பொருள் கொள்ளலாம். 'போர் ஓய்வு ஒப்பந்தம்' என்று முதலில் விரித்துக்கூறி, பின்னர்ச் சுருக்குவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

முடிவைக் கொண்டாடுவதிலும் ஒருமை இருக்கவில்லை. 1919 திசம்பரில் அரசு நடத்திய அமைதி விழாக்களைப் புறக்கணிக்குமாறு கிலாபத் இயக்கத்தார் அறைகூவல் விடுத்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலாபாக்கில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். களத்திலிருந்து திரும்பிய படைவீரர்க்குக் கிட்டிய 'அமைதி' இத்தகையது. ஆகவே அக்கால ஆவணங்களில் 'அமைதி' என வரும் சொல்லை அரசு வழங்கிய பெயராகக் கொண்டு பெயர்ப்பதா, நிலவிய நிலையாகக் கொண்டு பெயர்ப்பதா என்பதை இடம் நோக்கியே முடிவு செய்யவேண்டும்.

5. பேரும் பெயரும்

போருக்குப்பின் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் அரசு சிறு கற்பலகைகளைப் பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் ஈந்தனர் என்பதே அவற்றின் செய்தி. பலவற்றில் போர் ஆண்டு உடன்படிக்கையைக் கணக்கிட்டு 1914–1919 எனப் பொறிக்கப்பட்டது. சாதாரா மாவட்டத்து அப்ஷிங்கே போன்ற படைவீரர் மிகுந்த ஊர்களில் இத்தகைய நினைவுக்கல் ஊரின் அடையாளமாகவே மாறியது. திருச்சிராப்பள்ளி காந்தி சந்தையருகே உள்ள நினைவுச்சின்னமும் சென்றோர், மாண்டோர் ஆகியோரின் எண்ணிக்கையையே கூறுகிறது.

இப்பலகைகளின் வாய்பாட்டை நடுகல் வாய்பாட்டோடு ஒப்பிட்டால் ஊர் என்னும் அலகு இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் காணலாம். ஆயின் நடுகல் ஒருவன் பெயரைச் சொல்லியது. பலகை எண்ணை மட்டும் சொல்லியது. தமிழில் ஆட்களை எண்ணும்போது 'முப்பது பேர்' என்கிறோம். 'பேர்' என்பது 'பெயர்' என்பதன் மரூஉ. ஆளை எண்ணுவதும் பெயரைச் சொல்வதும் ஒன்றே என்னும் கருத்து இவ்வழக்கில் பொதிந்துள்ளது. அப்பலகைகளில் பேர் உண்டு, பெயர் இல்லை. எனினும் அவை ஒரு நன்மையையும் செய்தன. இறந்தோரோடு சென்று திரும்பியோரையும் அவை கணக்கில் எடுத்தன. உயிரோடு மீண்ட வீரனைக் கல்லில் குறித்த நினைவுச்சின்னங்கள் அரியவை.

போர்க் கல்லறை ஆணையம் 1917 மே 21ஆம் நாள் நிறுவப்பட்டபோது, பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடின்றி ஒவ்வொருவரும் பெயரால் நினைவுகூரப்பட வேண்டும் என்பது கொள்கையாயிற்று. நடைமுறை அவ்வாறு அமையவில்லை. ஆணையத்தின் தனிக்குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டுள்ளனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ வேறு எவ்வகையிலுமோ நினைவுகூரப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. சிலரைப் பற்றி எண்ணிக்கை மட்டுமே அறிவிக்கப்பட்டது. சிலர் பொது நினைவுச்சின்னத்துள் அடக்கப்பட்டனர்.

மொழித் தேர்விலும் இச்சமமின்மை உண்டு. 1927 அக்டோபர் 7ஆம் நாள் நெவ் சப்பேலில் திறக்கப்பட்ட இந்தியர் நினைவுச்சின்னம் 4,700க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கியது. அதன் தூணில் இறைவனின் ஒருமையைக் கூறும் வாசகம் ஆங்கிலம், அரபு, இந்தி, குர்முகி ஆகியவற்றில் பொறிக்கப்பட்டது. மராத்தியோ தமிழோ தனியே இடம்பெறவில்லை. மாறாக, 1967 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட, சப்பானியர் ஆட்சியில் மாண்ட குடிமக்களுக்கான நினைவுச்சின்னத்தில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. ஆட்சிமொழித் தகுதியே அங்குத் தமிழைக் கல்லில் ஏற்றியது. சயாம்–பர்மா இரயில்பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் படையினர் அல்லர் என்பதால் படைவீரர் கல்லறைகளில் அவர்களுக்கு இடமில்லை. எவர் போரில் இறந்தவர் என்பதைச் சொல்லின் வரையறையே முடிவு செய்தது.

6. கட்கிக் கல்லறைத் தோட்டம்

கட்கிப் போர்க் கல்லறைத் தோட்டம், மேற்கு, மத்திய இந்தியாவில் நிலையாகப் பேணவியலாத இடங்களிலிருந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக அமைக்கப்பட்டது. அங்கு 1,668 காமன்வெல்த் படையினர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அத்தோட்டத்துள் நிற்கும் 1914–1918 நினைவுச்சின்னம், முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இறந்து, பேணவியலாத கல்லறைகளில் கிடக்கும் 1,800க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. பம்பாய் சேவ்ரி கல்லறையிலிருந்து 1962 ஏப்ரலில் கொணர்ந்து மீள அடக்கம் செய்யப்பட்ட 629 பேரும் அதில் அடங்குவர். இரண்டாம் போரில் இந்தியாவில் இறந்த கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கப் படையினர் ஏறத்தாழ 200 பேரின் பெயர்களும் அங்கு உண்டு. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டமும் இதே அமைப்பில் இரு போர்களின் நினைவையும் ஒருங்கே தாங்குகிறது.

நினைவுச்சின்னம் இன்றும் ஆங்கிலேயர் எழுதியவாறு 'கிர்க்கி' என்றே பெயர் பெறுகிறது. ஊர் 'கட்கி' என வழங்குகிறது. பாறையைக் குறிக்கும் 'கடக்' என்னும் மராத்திச் சொல்லோடு தொடர்புடையது ஊர்ப்பெயர். மொழிபெயர்ப்பில் நினைவுச்சின்னத்தின் பெயரை உள்ளூர் வழக்கிற்கு மாற்றுவதா, ஆவணப் பெயரையே காப்பதா என்பது சிறு வினாவன்று. கல்லறைப் பதிவேட்டில் உறவினரைத் தேடுவோர்க்குப் பழைய எழுத்தே திறவுகோல். ஆகவே முதன்முறை இரு வடிவங்களையும் தருதல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இவ்விடர் இன்னும் பெரிது. குடும்பப்பெயர் இன்மை, தந்தை பெயரை முன்னெழுத்தாக்குதல், ஒரே பெயரை ஆங்கில எழுத்தர் பலவாறு எழுதியமை ஆகியவற்றால் முனுசாமி, முனிசாமி, முனியசாமி ஆகியோர் ஒருவரா மூவரா எனக் கூறவியலாத நிலை எழுகிறது. படையெண், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றுமே ஐயத்தைப் போக்கும். நடுகல் வாய்பாடு ஊரையும் எவருடைய சேவகன் என்பதையும் தவறாமல் கூறியதன் பயன் இங்கு விளங்கும்.

7. உயிரோடு மீண்டோர்

இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சம் இந்தியர் படையில் பணியாற்றினர். ஏறத்தாழ 87,000 பேர் இறந்தனர். எஞ்சியோர் 1945க்குப்பின் படை குறைக்கப்பட்டபோது ஊர் திரும்பினர். அவர்களைக் குறிக்கும் சொற்கள் இந்திய மொழிகளில் வெவ்வேறு நோக்கில் அமைந்துள்ளன. தமிழ் 'முன்னாள் படைவீரர்' என்கிறது. மராத்தி 'மாஜி சைனிக்' என்கிறது. இந்தி 'பூத்பூர்வ சைனிக்', 'பூர்வ சைனிக்' என்கிறது. மலையாளம் 'விமுக்தபடன்' என்கிறது. பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரன் என்பது அதன் பொருள். முதல் மூன்றும் காலத்தை முதன்மைப்படுத்த, மலையாளம் விடுதலையை முதன்மைப்படுத்துகிறது.

'மாஜி' என்பது கடந்த காலத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. மராத்தியில் அது நடுநிலைச் சொல். தமிழ் இதழ்களில் அது பதவியிழந்த அரசியலாரைக் குறிக்கும் எள்ளல் தொனியைப் பெற்றுவிட்டது. மராத்தி அறிவிப்பொன்றில் வரும் 'மாஜி சைனிக்' என்பதை ஒலி ஒற்றுமை கருதி அவ்வாறே தமிழில் எழுதினால் மதிப்பு ஏளனமாகிவிடும். ஆகுர்டி, தேஹு ரோடு போன்ற இருமொழிச் சூழலில் இவ்விழுக்கு எளிதில் நேரக்கூடியது.

ஆங்கிலத்தில் முன்பு வழங்கிய சொல் 'முன்னாள்' என்பதையே உணர்த்தியது. அண்மைக் காலத்தில் இலத்தீன் மொழியின் 'பழமை' என்னும் அடியிற் பிறந்த 'வெட்டரன்' என்னும் சொல் இந்திய அரசு வழக்கில் பரவியுள்ளது. இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற சனவரி 14ஆம் நாள், 2016 முதல் இப்பெயரால் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. 'முன்னாள்' என்பது ஒருவர் இழந்த நிலையைக் கூறுகிறது; 'வெட்டரன்' என்பது அவர் ஈட்டிய நிலையைக் கூறுகிறது. ஓய்வூதியம், இடஒதுக்கீடு போன்ற சட்டப் பொருள்களில் 'முன்னாள் படைவீரர்' என்பதே நிலைபெற்ற கலைச்சொல்லாதலின் அதனை மாற்றுதல் தகாது. பாராட்டும் உரைகளிலும் நினைவுநாள் பெயர்களிலும் 'மூத்த படைவீரர்' என்பதைக் கையாளலாம். ஆயினும் இளம் வயதிலேயே ஊனமுற்று விலகியவர்க்கு அது பொருந்தாமையையும் எண்ணவேண்டும்.

இவ்வகையினர்க்குப் புணே வட்டாரம் நீண்ட காலமாகப் புகலிடமாக உள்ளது. 1917இல் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம் ஊனமுற்ற வீரர்க்குக் கட்கியில் தொழில் கற்பித்து வந்துள்ளது. புணே செயற்கை உறுப்பு மையம் 1944இல் போர் நடக்கும்போதே நிறுவப்பட்டது. தண்டுவடம் தாக்குண்டோர்க்கான மறுவாழ்வு மையம் 1974இல் கட்கியில் அமைந்தது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுக்காயங்களால் உடல் இயக்கம் குன்றிய முர்லிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக் போட்டியில் நீச்சலில் தங்கப்பதக்கம் வென்றார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது 2018இல். வெற்றிக்கும் விருதுக்கும் இடையே 46 ஆண்டுகள் கழிந்தன. அதே காலத்தில் அவரைக் குறிக்கும் சொல்லும் தமிழில் 'ஊனமுற்றோர்' என்பதிலிருந்து 'மாற்றுத்திறனாளி' என்றும், இந்தியில் 'திவ்யாங்' என்றும் மாறியது. சொல் மாற்றம் மதிப்பின் அடையாளமே; அது மதிப்புக்கு ஈடாகாது.

சொல்லே தகுதியைத் தீர்மானித்ததற்கு இந்தியத் தேசிய இராணுவத்தார் சான்று. மலாயாவிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பலர். சிங்கப்பூரில் 1945 சூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய அப்படையினர் நினைவுச்சின்னம், ஆங்கிலேயர் திரும்பியதும் தகர்க்கப்பட்டது. விடுதலைக்குப்பின் அவ்வீரர்க்குரிய ஓய்வூதியம் 1972ஆம் ஆண்டு விடுதலைப் போராட்ட வீரர் திட்டத்தின் வழியே கிடைத்தது. ஆகவே ஒரே போரில் எதிரெதிர் அணியில் நின்ற இரு தமிழருள் ஒருவர் ஆவணத்தில் 'முன்னாள் படைவீரர்' ஆனார். மற்றவர் 'தியாகி' ஆனார். இருவரும் துப்பாக்கி ஏந்தியவரே. மொழிபெயர்ப்பாளர் இவ்விரு சொற்களையும் ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் பயன்படுத்துதல் கூடாது.

8. இறப்பின் மூன்று இலக்கணங்கள்

போரில் இறத்தலைத் தமிழ் மூவகைத் தொடரால் கூறுகிறது. முதலாவது நடுகல்லின் 'பட்டான்'. வீரன் எழுவாயாக நிற்கிறான். வினை அவன்மேல் நிகழ்ந்ததைக் கூறுகிறது. கொன்றவனுக்குத் தொடரில் இடம் கட்டாயமில்லை. இரண்டாவது 'கொல்லப்பட்டார்'. அதே 'படு' என்னும் வினை துணைவினையாகிச் செயப்பாட்டுவினையை ஆக்குகிறது. சொல்லப்படாவிட்டாலும் கொன்றவர் ஒருவர் உண்டு என்பது உள்ளுறையாகிறது. மூன்றாவது 'இன்னுயிர் ஈந்தார்'. இங்கு வீரனே செய்பவன். இறப்பு அவன் அளித்த கொடை. முதலாவது நிகழ்ச்சியையும், இரண்டாவது வன்செயலையும், மூன்றாவது விருப்பத்தையும் முதன்மைப்படுத்துகின்றன.

ஊர்ப்பலகைகள் மூன்றாம் வகையையே தேர்ந்தன. ஆளெடுப்பின் அழுத்தத்தாலும் வறுமையாலும் சென்றவரையும் அத்தொடர் மனமுவந்து ஈந்தவராக்கியது. ஆகவே அத்தொடரைப் பெயர்க்கும்போது அதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளாமல் கல்லின் கூற்றாகக் கொள்வதே பொருந்தும்.

மராத்தி இவ்விடத்தில் 'ஹுதாத்மா' என்னும் சொல்லைக் கொள்கிறது; தன்னை வேள்வியில் அவியாக ஈந்தவன் என்பது அதன் பொருள். இந்தி 'ஷஹீத்' என்கிறது. சான்று பகர்தல் என்னும் அரபு அடியிற் பிறந்த சமயச்சொல் அது. தமிழ் 'தியாகி' துறத்தலை அடியாகக் கொண்டது. அவி, சான்று, துறவு என மூன்று வேறு கருத்துலகங்கள் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக அகராதிகளில் நிற்கின்றன. 2022 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமையகம், சமய, அரசியல் பொருளுடைய அவ்வாங்கிலச் சொல்லை இறந்த வீரர்க்குப் பயன்படுத்த வேண்டா என அறிவுறுத்தி, களத்தில் இறந்தோர், உயிர் ஈந்தோர் என்னும் பொருள்படும் தொடர்களைப் பரிந்துரைத்தது. இதழ்களில் பரவலாக வழங்கும் 'வீரமரணம் அடைந்தார்' என்பது இவ்வறிவுறுத்தலுக்கு முரணாகாது. ஆயினும் நோயாலும் விபத்தாலும் இறந்த பாசறை வீரர்க்கு, கட்கி நினைவுச்சின்னத்துப் பெயர்களுள் பலருக்கு, 'பணியில் இறந்தார்' என்பதே உண்மையான தொடர்.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பெயர்ப்பட்டியலைச் செப்பம் செய்யாது உள்ளவாறே தருதல் வேண்டும். போர் முடிவின் நாளைக் கூறும்போது எவ்வகை முடிவு என்பதைச் சுட்டுதல் வேண்டும். சட்டச் சொல்லையும் பாராட்டுச் சொல்லையும் வேறுபடுத்திக் கையாளுதல் வேண்டும். இறப்பைக் கூறும் வினை எவரைச் செய்பவராக்குகிறது என்பதை அறிந்தே தேர்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய போர்களில் உயிர் ஈந்தோர்க்காகப் பொதுமக்கள் பங்களிப்பால் எழுந்த நினைவுச்சின்னம் புணேயில் 1998 ஆகஸ்டு 15ஆம் நாள் திறக்கப்பட்டது. ஊரே கூடிக் கல் எடுத்த பழைய மரபு புதிய வடிவில் அங்குத் திரும்பி வந்துள்ளது. வீரகள் என்னும் சொல்லில் 'கல்' மறைந்து நிற்பதுபோல், இந்நினைவுகளின் அடியிலும் ஊரார் ஏற்ற ஒரு கடன் மறைந்து நிற்கிறது. அக்கடன் எவர்க்கு என்பதைப் பிழையின்றிப் பெயரிட்டுச் சொல்லுதல் மொழியைக் கையாள்வோர் பங்காகும்.